இன்னும் வரும் என்ற துண்டு

ஆபீசில் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பாள். கம்ப்யூட்டர்களுக்குக் குடைச்சல் கொடுப்பதற்குத்தானே அவளுக்குச் சம்பளம்! கம்ப்யூட்டரை ஓட்டும் இயங்குதளம் தயாரிக்கும் கம்பெனிகளுக்காக, அவற்றில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்லும் சின்ன நிறுவனம் அது. மூன்றாவது மாடி, பதினோரு பேர். அவள் மேஜைக்கு எதிரே அலமாரியில் எட்டு இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவற்றுக்குக் கோணல்மாணலான தகவல்களை அனுப்பிக்கொண்டே இருப்பாள். நீளத்தைத் தப்பாகச் சொல்லும் தகவல், வால் இல்லாத தகவல், தலையும் காலும் மாறிய தகவல். எது எதைத் தாங்குகிறது, எதில் மூச்சுமுட்டி விழுகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும், மூன்றாவது இயந்திரம் நின்றுபோனது. விழவில்லை, அணையவில்லை. விளக்கு எரிகிறது, காற்றாடி மட்டும் தலைதெறிக்கச் சுற்றுகிறது. கீபோர்டைத் தட்டினாள், பதில் இல்லை. பக்கத்து இயந்திரத்திலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள், அதற்கும் இல்லை. அணைத்துப் போட்டுவிட்டு, கடைசியாக அனுப்பியதையே மறுபடி அனுப்பினாள். மறுபடி அதே கதை. ஒரே ஒரு பாக்கெட், ஒரு சின்னத் தகவல் துண்டு, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். வலையில் பெரிய தகவல் ஒரே மூட்டையாகப் போகாது, துண்டு துண்டாக நறுக்கித்தான் போகும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் சில குறிப்புகள் இருக்கும்: நான் எந்த இடத்தில் பொருந்த வேண்டும், என் நீளம் எவ்வளவு, எனக்குப் பின்னால் இன்னும் வருமா வராதா. வாங்கிக்கொள்ளும் இயந்திரம் எல்லாத் துண்டும் வந்து சேரும்வரை காத்திருந்து ஒட்டவைக்கும். அவள் அனுப்பிய துண்டுக்கு நீளம் பூஜ்யம். உள்ளே ஒன்றுமே இல்லை. ஆனால் தலையில் மட்டும் 'இன்னும் வரும்' என்று எழுதியிருந்தது. ஒட்டுகிற இடத்தில் இந்த இயங்குதளம் போட்ட கணக்கு, இந்த இடத்தோடு நீளத்தைக் கூட்டினால் அடுத்த இடம் என்பது. பூஜ்யத்தைக் கூட்டினால் அதே இடம்தானே வரும்? அது அதே இடத்துக்குத் திரும்பி வந்து, மறுபடி கூட்டி, மறுபடி வந்து, செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே யார் என்ன கத்தினாலும் அதன் காதில் விழவில்லை.

கண்டுபிடித்தவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லீடர் வந்து குனிந்து பார்த்தார். ஒல்லியான மனிதர், பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"பலே குடைச்சல்! இது பெரிய மீன். இன்னைக்கே கம்பெனிக்கு எழுதிடுவோம். அவங்க சரி பண்ணி வெளியிடத் தொண்ணூறு நாள். அதுவரைக்கும் நம்ம பதினோரு பேரைத் தாண்டி ஒரு வார்த்தை போகக்கூடாது."

"தெரியும் சார்."

"தெரியும்னு தெரியும். இருந்தாலும் சொல்றது என் கடமை."

அந்த இயங்குதளத்தை எங்கெங்கே வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் மறுநாள் வந்தது. ஒரு லிஃப்ட் கம்பெனி, இரண்டு நூலகங்கள், குளிர்பதனக் கிடங்கு ஒன்று. கீழே, கடைசிக்கு முந்தின வரியில் படகுத்துறை. ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகுகளுக்கு டிக்கெட்டைக் காட்டினால் திறக்கும் கேட்டுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை ஓட்டும் இயந்திரம்.

அவள் அந்த வரியிலேயே நின்றுவிட்டாள். அங்கேதான் பாப்பா வேலை பார்த்தாள்.

பாப்பா என்றால் குழந்தை இல்லை, நாற்பத்தொரு வயது. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், காதோரம் நரைத்த பிறகும் விடவில்லை. இவளுடைய நாத்தனார். சரியாகச் சொன்னால், நாத்தனாராக இருந்தவள். வயதில் பாப்பாதான் இரண்டு வருஷம் மூப்பு. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே! மூத்தவள் இளையவளை அண்ணி என்பாள், இளையவள் மூத்தவளைப் பாப்பா என்பாள். புதிதாகக் கேட்பவர்கள் மூளையைக் கசக்கிக்கொண்டு, கடைசியில் யாரிடமும் எதுவும் கேட்காமல் விட்டுவிடுவார்கள்.

அந்த வீட்டில் இவள் ஏழு வருஷம் இருந்தாள். புருஷனோடு இருந்தாள் என்று சொல்வதைவிடப் பாப்பாவோடு இருந்தாள் என்று சொன்னால் பொய்யாகாது. இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. ஜன்னலோரத்து நீள மேஜையின் இரு முனைகளில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, இது ஏன் ஓடமாட்டேங்குது?" "எந்த வரி, படி பார்ப்போம்" என்று ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. "ரெண்டும் பேசறது மனுஷ பாஷையா?" என்று மாமியார் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருத்தி தலைக்கு ஒருத்தி சாயம் பூசிவிட்டு, அது காயும்வரை பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு சீட்டாடுவார்கள். பாப்பா கூசாமல் ஏமாற்றுவாள். பிடிபட்டால் பையைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் இல்லை" என்பாள்.

புருஷனோடு பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சு குறைந்தது, பிறகு நின்றது, பிறகு நின்றதுகூட உறைக்காமல் போனது. இருவரும் உட்கார்ந்து பேசிப் பிரிவது என்று முடிவெடுத்தார்கள். பாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இவள் மூன்று வாரம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். "போகாதீங்க அண்ணி" என்று ஒரு வார்த்தை வந்தால் தன் கால் நகராது என்று அவளுக்குத் தெரியும். அதனால் பாப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு புதன்கிழமை, இரண்டு பெட்டியோடு, சொல்லாமலே கிளம்பிவிட்டாள்.

அது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. விவாகரத்துப் பத்திரத்தில் புருஷனைப் பிரிவதற்குத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள். நாத்தனாரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அதுவும் சேர்ந்தே போய்விட்டது. போனில் நம்பர் இருந்தது. எழுதுவாள், அழிப்பாள். அந்தப் பக்கமிருந்தும் ஒன்றும் வந்ததில்லை. புருஷனுக்குப் பாப்பாவைத் தவிர வேறு தம்பி தங்கை கிடையாது, ஆகவே உலகத்தில் அவளை அண்ணி என்று கூப்பிட வேறு ஆள் இல்லை. பஸ்ஸில் யாராவது யாரையோ அப்படிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்பிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்ப்பது போல நடிப்பாள்.

இப்போது ஒரு விஷயம் கையில் இருக்கிறது. பாப்பாவின் இயந்திரத்தை ஒரே பாக்கெட் நிறுத்திவிடும் என்பது இவளுக்குத் தெரியும், பாப்பாவுக்குத் தெரியாது. ஐந்து வருஷமாகக் கிடைக்காத சாக்கு தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது, அதுவும் வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டுப் படகில் ஆபீஸ் போக ஆரம்பித்தாள். சுற்றுவழி, அரைமணி நேரம் கூட ஆகும். "காத்து நல்லா இருக்கு" என்று கேட்டவர்களிடம் சொன்னாள். படகுத்துறையில் ஆறு கேட்டுகள், அவற்றுக்கு மேலே கண்ணாடி போட்ட ஒரு அறை. சில நாள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பாப்பா தெரிவாள், நின்றுகொண்டே டீ குடிப்பாள். சாயம் பூசுவதை விட்டுவிட்டாள் போலிருக்கிறது, முன்நெற்றி முடி வெள்ளையாக இருந்தது. இவள் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பாள். கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயமாக இருக்கும். படமாட்டோமா என்றும் இருக்கும். அதற்குள் மணி அடிக்கும், படகு கிளம்பிவிடும்.

ஓட்டையைக் கண்டுபிடித்த நாற்பத்திரண்டாவது நாள் காலை, கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தபோது ஆறு கேட்டும் ஒரே சமயத்தில் நின்றன.

டிக்கெட்டைக் காட்டினால் பச்சை விளக்கும் இல்லை, சிவப்பும் இல்லை. முன்னால் நிற்பவர்கள் கேட்டைத் தள்ளிப் பார்த்தார்கள், பின்னால் நிற்பவர்கள் முன்னால் நிற்பவர்களைத் தள்ளினார்கள். விசில் வைத்திருந்த காவலாளி நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க! சிஸ்டம் மேடம் ஆஃப் பண்ணி ஆன் பண்றாங்க!"

"மறுபடியுமா?" என்றார் ஒருவர்.

"இந்த மாசம் மூணாவது தடவைங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"வேலை தெரியாத ஆளையெல்லாம் உள்ள உக்கார வச்சா இப்படித்தான்" என்று இவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள். இவளுக்குச் சுருக்கென்று இருந்தது. "அவங்களுக்கு வேலை நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

படியில் தடதடவென்று பாப்பா இறங்கி வந்தாள். கையில் சாவிக்கொத்து. ஒவ்வொரு கேட்டாகக் குனிந்து, பக்கவாட்டு மூடியைத் திறந்து, கையாலேயே விடுவித்தாள். கூட்டம் அவளை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. இவள் பத்தடி தூரத்தில் நின்றாள். பாப்பா நிமிரவில்லை. கூட்டம் இவளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டுபோய்ப் படகில் ஏற்றிவிட்டது.

ஆபீஸ் போனதும் நேராக லீடரிடம் போனாள்.

"சார், அந்த ஓட்டை வெளியில வந்துடுச்சுன்னு நினைக்கிறேன். படகுத்துறையில மூணு தடவை நின்னிருக்கு. விளக்கு எரியுது, ஆனா பதில் இல்லை. நம்ம மூணாம் நம்பர் இயந்திரம் மாதிரியே."

லீடர் கண்ணாடியைக் கழற்றினார். "கம்ப்யூட்டர் நிக்கறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்மா. அங்க உங்க ஆளு யாராவது இருக்காங்களா?"

"என் நாத்தனார். முன்னாடி."

"முன்னாள் நாத்தனார்னு ஒரு உறவு இருக்கா?"

"அதைத்தான் சார் நானும் அஞ்சு வருஷமா யோசிக்கிறேன்."

அவர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "நமக்கு வேண்டியவங்கன்னு சொல்லி நாம சொல்ல ஆரம்பிச்சா, ஒவ்வொருத்தனும் அவனவன் மச்சானுக்குச் சொல்லுவான். நாளைக்கே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுடும், கெட்டவனுக்கும் சேர்த்து. ஆனா ஒண்ணு. நிஜமாவே அந்தப் பாக்கெட்தான் காரணம்னு சாட்சி இருந்தா, கம்பெனியை நான் பிடிச்சு உலுக்கிடுவேன். அங்க வலையில போறதை யாராவது பதிவு பண்ணியிருந்தா, அதைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. எதுக்குன்னு மட்டும் சொல்லக்கூடாது."

சாயங்காலம் அவள் படகுத்துறைக்குப் போனாள். தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை, படியேறினாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே இரண்டு மேஜை, ஒரு இயந்திர அலமாரி, ஆறு கேட்டுகளையும் காட்டும் திரை. பாப்பா தரையில் உட்கார்ந்து ஒரு ஒயரின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் ஒயர் வாயிலேயே நின்றது.

"என்ன வேணும்?" என்றாள், ஒயரை எடுத்துவிட்டு.

வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வந்தது அத்தனையும் மறந்துபோனது. "கேட்டு நிக்குதுன்னு கேள்விப்பட்டேன். காலையில நானும் கூட்டத்தில இருந்தேன்."

"ஓ."

"உன் வலையில போற வர்ற பாக்கெட்டைப் பதிவு பண்ணியிருக்கியா? நிக்கறதுக்கு முன்னாடி கடைசியா வந்தது என்னன்னு பார்க்கணும்."

"யாரு பார்க்கணும்? நீங்களா, உங்க ஆபீசா?"

"ஆபீஸ்."

"எதுக்கு?"

"அதை இப்ப சொல்ல முடியாது."

பாப்பா எழுந்து நின்றாள். கையைத் துடைத்துக்கொள்ளத் துணி தேடினாள், கிடைக்கவில்லை, புடவையிலேயே துடைத்தாள். "ஏன்னு சொல்லாமப் போறது, ஏன்னு சொல்லாம வந்து நிக்கறது. உங்களுக்கு ரெண்டுமே பழக்கம்தானே."

இவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "பாப்பா..."

"இங்க யாரும் என்னை அப்படிக் கூப்பிடறதில்லை." குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அன்னைக்கு வீட்டுக்கு வர்றேன், மேஜையில உங்க பக்கம் துடைச்சு வச்சிருக்கு. அம்மாகிட்டக் கேட்டா அழறாங்க. அண்ணன்கிட்டக் கேட்டா கடைக்குப் போறேன்னு போயிட்டான். எனக்கு யாரு சொன்னாங்க தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரங்க. 'உங்க அண்ணி பெட்டியோட போறாங்களே, ஊருக்கா'ன்னு."

"சொல்லியிருந்தா நீ போகாதேன்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருக்க மாட்டேன். அண்ணனைப் பத்தி எனக்குத் தெரியாதா? நானே பெட்டியைத் தூக்கிட்டு வந்து ஏத்திவிட்டிருப்பேன்."

இப்படி ஒரு பதில் இருக்கக்கூடும் என்று அந்த மூன்று வார ஒத்திகையில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றியதில்லை. கீழே படகின் மணி அடித்தது. பாப்பா திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"பெரிய அதிகாரியைக் கேட்காம எதையும் வெளியில தரக்கூடாது. நீங்க கிளம்புங்க."

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது நாள், வெள்ளிக்கிழமை, பத்தேகால் மணிக்கு அவளுக்குப் பாப்பாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு இல்லை, ஒரு எழுத்துக்கூட இல்லை, கூட ஒரு கோப்பு மட்டும் இருந்தது. படகுத்துறை அன்று காலை நாலாவது முறையாக நின்றிருந்தது. இரண்டாவது முறை நின்றபோதே பாப்பா யாரும் சொல்லாமல் ஒரு பழைய லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்து, வலையில் போவதையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். வேலை தெரியாதவளாம்!

கோப்பைத் திறந்து கடைசிக்கு உருட்டினாள். ஆயிரக்கணக்கான துண்டுகள், எல்லாம் ஒழுங்கானவை. ஆகக் கடைசியில் ஒன்று: நீளம் பூஜ்யம், இன்னும் வரும். அதற்குப் பிறகு இயந்திரத்திடமிருந்து ஒரு பதிலும் இல்லை.

அனுப்பிய விலாசத்தைப் பார்த்தாள். வெளியிலிருந்து யாரும் அனுப்பவில்லை, கட்டடத்துக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. நாலாவது கேட்டுக்கு மேலே புதிதாக மாட்டிய கேமரா. எதிரியும் இல்லை, சதியும் இல்லை. அந்தக் கேமரா ஒவ்வொரு படத்தையும் நறுக்கி அனுப்பும்போது, படத்தின் அளவு துண்டுகளுக்குள் மிச்சமில்லாமல் சரியாக அடங்கிவிட்டால், கடைசியில் 'இன்னும் வரும்' என்ற குறிப்போடு ஒரு காலித் துண்டையும் சேர்த்து அனுப்பிவிடுகிறது. அதை எழுதியவன் செய்த பிழை. அப்படி மிச்சமில்லாமல் அடங்குவது அபூர்வம். ஆனால் காலை நெரிசலில் அசைவு அதிகம், படம் பெரிதாகும், துண்டும் கூடும். எப்போதாவது ஒருமுறை கணக்கு மிகச்சரியாக விழுந்துவிடும், ஆறு கேட்டும் நின்றுவிடும். கேமராவையும் கேட்டையும் ஒரே இயந்திரத்தில் கட்டியிருந்ததால் வந்த வினை.

லீடர் கோப்பைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்காமலே போனை எடுத்தார். அரைமணி நேரம் ஆங்காரமாகப் பேசினார். அவர் அப்படிப் பேசி அந்த ஆபீசில் யாரும் கேட்டதில்லை. முடித்துவிட்டு இவள் மேஜைக்கு வந்தார். "பத்து நாள்ல திருத்தம் வெளியிடறாங்க. படகுத்துறைக்கு மட்டும் இப்பவே சொல்லலாம்னு ஒத்துக்கிட்டாங்க. போங்க, சொல்லுங்க."

ஐந்து வருஷமாகத் தொட்டுத் தொட்டு விட்ட அந்த நம்பரை அழுத்தினாள். ஒரே மணியில் எடுத்துவிட்டாள் பாப்பா.

"நாலாவது கேட்டுக்கு மேல இருக்கற கேமராவைக் கழட்டு. இப்பவே."

"ஒரு ஹலோ கூடக் கிடையாதா?"

"கழட்டிட்டு வா, சொல்றேன்."

போன் மேஜைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. ஏணி இழுபடும் சத்தம், யாரையோ பிடித்துக்கொள்ளச் சொல்லும் சத்தம். இவள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அந்த அறையின் இரைச்சல், தூரத்துப் படகு மணி எல்லாம் அதில் வந்துகொண்டிருந்தன. எட்டு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இன்னும் எட்டு நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை என்று இருந்தது.

"கழட்டியாச்சு" என்றது குரல், மூச்சிரைக்க. "சொல்லுங்க."

சொன்னாள். துண்டு, நீளம், கணக்கு எல்லாவற்றையும். பாப்பா நடுவில் இரண்டே கேள்விதான் கேட்டாள், இரண்டும் சரியான கேள்வி. கடைசியில், "அப்ப என் தப்பு இல்லை" என்றாள்.

"துளிகூட இல்லை."

"இவங்க என்னை வேற இடத்துக்கு மாத்தறதுக்குக் காகிதம் ரெடி பண்ணிட்டாங்க. திங்கட்கிழமை கையில தர்றதா இருந்தது." பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி, வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

அந்தக் காகிதத்தை நிறுத்துவதற்காக லீடரே படகுத்துறை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்தாம் நாள் திருத்தம் வந்தது. அதைப் போட்ட பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆபீசிலிருந்து இவளையே அனுப்பினார்கள். மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம். பாப்பா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இவள் பக்கத்தில் நின்று தன் லேப்டாப்பிலிருந்து அந்தக் காலித் துண்டை அனுப்பினாள். இயந்திரம் அதை வாங்கிப் பார்த்தது, தூக்கி எறிந்தது, வேலையைப் பார்த்துக்கொண்டு போனது. கீழே ஒரு கிழவர் டிக்கெட்டைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

"இன்னொரு பத்துத் தடவை அனுப்புங்க" என்றாள் பாப்பா. அனுப்பினாள். "நூறு அனுப்புங்க." நூறும் அனுப்பினாள். பச்சை, பச்சை, பச்சை. பாப்பா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து இவளுக்கு ஏன் கண் கலங்க வேண்டும்?

இருவரும் டீ வாங்கிக்கொண்டு ஆற்றைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு.

"அன்னைக்கு நான் சொல்லாமப் போனது தப்பு" என்றாள் இவள். "மன்னிச்சுக்கோன்னு கேட்கறதுக்குக்கூட அஞ்சு வருஷம் ஆயிடுச்சு."

பாப்பா டீயை ஊதினாள். "எனக்கும் எத்தனையோ தடவை போன் பண்ணத் தோணுச்சு. நம்பரைக்கூட எடுப்பேன். எடுத்ததும் முதல் வார்த்தை என்னன்னு கூப்பிடறது? அங்கேயே நின்னுடுவேன். அண்ணன் மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டான். தெரியுமில்ல?"

"கேள்விப்பட்டேன். நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. அவங்களும் நல்லவங்கதான், குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. இப்ப வீட்டில அண்ணின்னா அவங்க. அவங்களை அப்படிக் கூப்பிட்டுட்டு, உங்களையும் அப்படிக் கூப்பிட்டா, ரெண்டு பேருக்கும் செய்யற துரோகம் மாதிரி இருக்கு. பேர் சொல்லிக் கூப்பிடலாம்னா..." அவள் இவளுடைய பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போல இருந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, டீ சிந்தியது.

"வேண்டாம்" என்றாள் இவள்.

"வேண்டாம்" என்று பாப்பாவும் ஒப்புக்கொண்டாள்.

ஆற்றில் ஒரு படகு திரும்பியது. மாமியாரைப் பற்றிக் கேட்க வேண்டும் போலிருந்தது, அந்த நீள மேஜையில் இப்போது யார் உட்காருகிறார்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. மாமியாரைப் பற்றி மட்டும் கேட்டாள். முட்டிவலி, மற்றபடி சௌக்கியம் என்றாள் பாப்பா.

"வீட்டுக்கு வாங்கன்னு சொல்ல எனக்கு ஆசைதான். சொல்ல முடியலை."

"நீ சொல்ல வேண்டாம். சொன்னாலும் நான் வர முடியாது."

"ம்."

பாப்பா எழுந்தாள். மேலே போக வேண்டும், கேமரா கம்பெனிக்காரன் வருவான், அவனைக் கிழிக்க வேண்டும் என்றாள். இரண்டு படி ஏறிவிட்டு, திரும்பாமலே சொன்னாள்: "வியாழக்கிழமை எனக்கு ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் சாப்பாட்டு நேரம்."

அடுத்த வியாழன் இவள் போனபோது பாப்பா வரவில்லை. ஏதோ ஒரு கேட்டில் பழுது, இறங்க முடியவில்லை என்று பிறகு தெரிந்தது. ஒன்றிலிருந்து இரண்டு வரை பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அதற்கடுத்த வியாழன் பாப்பா வந்தாள், அரைமணி நேரம் இருந்தாள். மூன்றாவது வியாழன் கூடவே அவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் வந்தாள். அந்தப் பெண் இவளைப் பார்த்துச் சிரித்து, "மேடம், இவங்க யாரு?" என்று கேட்டாள்.

பாப்பா டிபன் பாக்ஸைத் திறந்து மூடினாள். இவளுக்கு எதைச் சொன்னாலும் சரி, சொல்லிவிடேன் என்று இருந்தது.

"இவங்க எனக்கு ரொம்ப வேண்டியவங்க" என்றாள் பாப்பா.

அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவளுக்கு இடம் விட வேண்டியிருந்ததால் இவர்கள் இருவரும் நெருங்கி உட்கார வேண்டியதாயிற்று. பாப்பாவின் முழங்கை இவள் முழங்கையில் பட்டுக்கொண்டே இருந்தது. இருவருமே கையை நகர்த்திக்கொள்ளவில்லை. ஒன்றே முக்காலுக்குப் படகு வந்தது. இவள் அதை விட்டுவிட்டு, இரண்டு மணிப் படகில் போகலாம் என்று உட்கார்ந்திருந்தாள்.